வீட்டுக் கோழிக் கூட்டத்திலிருந்தே கறிக்கான குஞ்சுகளைத் தலைமுறை தலைமுறையாக எடுக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். வீட்டின் பின்புறத்தில் ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் கொண்ட சிறு கூட்டம் ஒன்றை வளர்த்து வருகிறேன். முட்டைக்கும் கறிக்கும் பொதுவான கனத்த இனம் அது. கறிக்கென்று தனியாக, ஒருநாள் வயதுள்ள பிராய்லர் குஞ்சுகளை அவ்வப்போது வாங்கி, ஆறேழு வாரங்கள் வளர்த்து அறுப்பது எங்கள் வழக்கம். இனி அவ்வாறு வாங்குவதை நிறுத்திவிட்டு, எங்கள் கோழிகளின் முட்டைகளையே அடைக்கு வைத்து, பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் கறிக்கும், சிறந்த சிலவற்றை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகவும் வளர்க்க விரும்புகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. வேகமாக வளரும் பிராய்லர்களில் இரண்டு மூன்றை அறுக்காமல் நிறுத்தி, அவற்றிலிருந்தே குஞ்சு எடுக்க முடியுமா? ஒரே சேவலை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறை வரை போகலாம், அதற்குமேல் நெருங்கிய உறவுக் கலப்பால் கூட்டம் நலிந்துவிடுமா? பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது எடை அதிகமுள்ளவற்றை நிறுத்தினால் போதுமா, வேறு எதையேனும் பார்க்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

பிராய்லரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

இன்றைய பிராய்லர் ஓர் இனமன்று. தனித்தனியே பேணப்படும் பல வம்சங்களைத் திட்டமிட்டுச் சேர்த்துப் பெறும் கலப்பு. கார்னிஷ் இனத்தின் அகன்ற மார்பும், வெள்ளைப் பிளிமத் ராக் இனத்தின் வளர்ச்சியும் முட்டையிடும் திறனும் அதற்கு அடித்தளம். கார்னிஷ் கோழியே 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவின் அசில் உள்ளிட்ட சண்டைக்கோழிகளைக் கலந்து உருவானது. உலகெங்கும் இன்று உண்ணப்படும் மார்புக்கறியில் சண்டைச் சேவலின் உடற்கட்டு மறைந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' போட்டியின் 1948ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில், கார்னிஷ் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் சேர்த்துப் பெற்ற கலப்பு வென்ற பிறகு, கறிக்கோழித் தொழில் தூய இனங்களை விட்டுக் கலப்பின் பக்கம் திரும்பியது.

தந்தை வழி வம்சங்களைச் சதைக்காகவும், தாய் வழி வம்சங்களை முட்டைக்காகவும் பொரிப்புக்காகவும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, கடைசி நிலையில் மட்டும் அவற்றைச் சேர்க்கிறார்கள். நாம் வாங்கும் குஞ்சு அந்தக் கடைசி நிலை. அதைத் தன் உடன்பிறப்போடு சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகளில் பண்புகள் சிதறிப்போகும். ஒன்று தாயைப்போல் வளரும், இன்னொன்று பாதி எடைக்கே தடுமாறும். அதைவிடப் பெரிய தடை, அவற்றை முட்டையிடும் வயது வரை உயிரோடு வைத்திருப்பது. ஆறு வாரத்தில் அறுப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட உடலை ஆறு மாதம் வயிறாரத் தின்னவிட்டால், கால்கள் தளர்ந்து உட்கார்ந்துவிடும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், சில கோழிகள் காரணமே தெரியாமல் இதயம் நின்று சாகும். பெற்றோர்க் கோழிகளைப் பேணும் பெரிய பண்ணைகளிலேகூடத் தீவனத்தை அளந்துதான் போடுகிறார்கள்.

முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. விரும்பினால், இரண்டு மூன்று பிராய்லர்ப் பெட்டைகளை இளம் வயதிலேயே பிரித்து, தீவனத்தை அளந்து கொடுத்து, மேய்ந்து நடக்கவிட்டு மெலிவாக வளர்த்து, உங்கள் சேவலோடு சேர்க்கலாம். பிராய்லரைச் சேவலாக நிறுத்த வேண்டாம்; அதன் கனத்தால் உங்கள் பெட்டைகளின் முதுகு கிழியும், வயது ஏற ஏற அது மிதிக்கவும் இயலாமல் போகும். அந்தக் கலப்பில் பிறக்கும் பெட்டைகளை உங்கள் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டால், இரண்டொரு தலைமுறையில் மார்பு அகலத்தில் வேறுபாடு தெரியும். ஆனால் அந்த வேகத்தை அப்படியே தக்கவைக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். கனத்த இருபயன் இனங்கள் அறுக்கும் பருவத்துக்கு வர 14 முதல் 20 வாரங்கள் ஆகும். பிராய்லர் ஒரு கிலோ எடை கூட இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் தின்னும் என்றால், இவை மூன்று கிலோவோ அதற்கு மேலோ தின்னும். இந்தக் கணக்கு மனத்துக்கு ஒப்புகிறதா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

ஒரு சேவலை வைத்து எத்தனை தலைமுறை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஊகம் தேவையில்லை, எளிய கணக்கே இருக்கிறது. சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது, இனப்பெருக்க நோக்கில் உங்கள் கூட்டத்தின் உண்மையான அளவு. ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் என்றால் அது 3.6 மட்டுமே. உறவுக் கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு தாய், தந்தை இரு வழியிலும் குஞ்சுக்கு வந்துசேரும் வாய்ப்பு, ஒவ்வொரு தலைமுறையிலும் எவ்வளவு ஏறும் என்பதை அறிய, ஒன்றை அந்த எண்ணின் இருமடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு அது ஏறத்தாழ 14 சதவீதம். அரை உடன்பிறப்புகளைச் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுக்கு வருவது 12.5 சதவீதம் என்பதோடு இதை ஒப்பிட்டால், நிலைமை எவ்வளவு நெருக்கமானது என்பது புரியும்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. பெட்டைகளைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தினாலும் கூட்டத்தின் உண்மையான அளவு 3.6இலிருந்து 3.8 ஆகத்தான் ஏறும். மாறாக, பத்துப் பெட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது சேவலைச் சேர்த்தால் அது 6.7 ஆகிறது, தலைமுறைக்கான ஏற்றம் 7.5 சதவீதமாகக் குறைகிறது. மூன்று சேவல்களும் பன்னிரண்டு பெட்டைகளும் இருந்தால் ஏற்றம் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆகவே இடமோ தீவனமோ மிஞ்சுமானால் அதைப் பெட்டைகளுக்குச் செலவிடாதீர்கள், சேவல்களுக்குச் செலவிடுங்கள். இரண்டு சேவல்களையும் ஒரே கூண்டில் விடுவதும் பயன் தராது. வலுத்தது மற்றதை மிதிக்கவிடாமல் தடுத்துவிடும், பெயருக்கு இரண்டு சேவல்கள் இருந்தும் குஞ்சுகள் பெரும்பாலும் ஒன்றனுடையவையாகவே இருக்கும்.

நான் கடைப்பிடிப்பது மூன்று குடும்ப முறை. கூட்டத்தை மூன்று குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைக் கொடுத்து, பொரிக்கும் குஞ்சு ஆணானாலும் பெண்ணானாலும் தாயின் நிறத்தையே பெறும்படி செய்கிறேன். பெட்டைகள் பிறந்த குடும்பத்திலேயே தங்கிவிடும். தேர்ந்தெடுத்த இளஞ்சேவல்கள் மட்டும் சிவப்பிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் போகும். இந்தத் திசையை எந்த ஆண்டும் மாற்றக் கூடாது. உடன்பிறப்புகளும், தாயும் மகனும் தப்பித்தவறிக்கூடச் சேர முடியாது என்பதே இதன் சிறப்பு, பெரிய பதிவேடும் வேண்டியதில்லை. ஒருநாள் குஞ்சுகளுக்கு வளையம் நிற்காது என்பதால், கால்விரல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வில் சிறு துளையிட்டு அடையாளம் செய்யலாம். இரு கால்களிலுமாக நான்கு சவ்வுகள் இருப்பதால் 16 விதமான அடையாளங்கள் கிடைக்கும்.

நலிவு எங்கே முதலில் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடையில் அது தாமதமாகத்தான் தெரியும். கூமுட்டைகள் கூடுவது, ஓட்டுக்குள்ளேயே குஞ்சுகள் சாவது, பொரித்த முதல் வாரத்தில் காரணமின்றிச் சில குஞ்சுகள் துவண்டுபோவது, முட்டை எண்ணிக்கை மெல்லச் சரிவது ஆகியவை முன்னதாக வரும். எனவே ஒவ்வொரு அடையிலும் எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனையில் கரு இருந்தது, எத்தனை பொரித்தன என்று எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிராய்லரை நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன். மூன்று குடும்பங்களுக்கு எங்களிடம் இடம் இல்லை. இன்னொரு கூண்டு மட்டும் கட்ட முடியும். இரண்டு கூண்டுகளை வைத்துக்கொண்டு இதே முறையைச் செய்யலாமா? பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் பதில்

செய்யலாம். இரண்டு கூண்டுகளிலும் பெட்டைகள் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும், இளஞ்சேவல்களை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள். மூன்று குடும்பம் தரும் பாதுகாப்பு இதில் கிடைக்காது என்பதால், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு ஒருமுறை, அதே இனத்தில் உறவில்லாத வேறொரு கூட்டத்திலிருந்து ஒரு சேவலைக் கொண்டுவர வேண்டியிருக்கும். வரும் சேவலை ஒரு மாதமாவது தனியே வைத்து, உடல்நலத்தைப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வளர்ந்த கோழிக்குப் பதிலாகக் கருமுட்டைகளை வாங்கிப் பொரித்தால் பேன், செள்ளு, குடற்புழு போன்ற பல தொல்லைகள் வீட்டுக்குள் வராமல் தவிர்க்கலாம். ஆனால் புல்லோரம் கழிச்சலும் மைக்கோபிளாஸ்மா சளிநோயும் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரக்கூடியவை, ஆகையால் தாய்க்கூட்டம் நலமானது என்பது தெரிந்த இடத்திலிருந்து மட்டுமே வாங்குங்கள்.

இனி தேர்வு. எடை அதிகமுள்ளவற்றை மட்டும் நிறுத்தினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது என்பது மட்டுமல்ல, அது கூட்டத்தையே அழித்துவிடக்கூடும். எடை என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நன்றாகவே இறங்கும் பண்பு என்பதால், நான்கைந்து தலைமுறை தொடர்ந்து கனத்தவற்றையே நிறுத்தினால் எடை உறுதியாக ஏறும். ஆனால் எடையும் முட்டையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. கனம் ஏற ஏறப் பெட்டைகள் குறைவாக இடும், சேவல்களின் கருவளம் தாழும். ஒரு பெட்டை தன் வாழ்நாளில் எத்தனை குஞ்சுகளைத் தருகிறது என்பதைக் கொண்டுதான் வீட்டுக் கூட்டத்தின் கறி அளவு முடிவாகிறது. மூன்று கிலோ எடையுள்ள பெட்டை மாதத்துக்கு நாலைந்து முட்டைதான் இடும் என்றால், அதன் எடையால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே நான் சேவலுக்கு ஓர் அளவுகோலும், பெட்டைக்கு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சேவலை எடையையும் உடற்கட்டையும் பார்த்து நிறுத்துங்கள். ஆனால் நன்றாக முட்டையிட்ட தாயின் பிள்ளையாக அது இருக்க வேண்டும். பெட்டையிடம் சராசரிக்குச் சற்று மேலான எடை இருந்தால் போதும், அதன்பின் முட்டையிடும் ஒழுங்கை மட்டும் பாருங்கள். சேவல் தான் முட்டையிடாவிட்டாலும், முட்டையிடும் திறனைத் தன் மகள்களுக்குக் கடத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடை பார்ப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை, ஒரே வயதில், காலையில் தீவனம் வைப்பதற்கு முன்பு நிறுக்க வேண்டும்; 8 வாரத்தில் ஒருமுறையும் 12 அல்லது 14 வாரத்தில் ஒருமுறையும் போதும். வெவ்வேறு அடையில் பொரித்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். வெயில் காலத்தில் வளர்ந்த குஞ்சு குளிர்காலக் குஞ்சைவிட இளைத்திருப்பதற்கு அதன் பரம்பரை காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே பட்டியலில் எழுதினால் பெட்டைகள் அனைத்தும் கடைசிக்குப் போய்விடும் என்பதால், இரண்டுக்கும் தனிப் பட்டியல் வேண்டும்.

தராசு எல்லாவற்றையும் சொல்லாது, கையும் சொல்ல வேண்டும். கோழியை மடியில் வைத்து மார்பெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்பு நேராகவும் நீளமாகவும் இருந்து, இருபுறமும் சதை உருண்டு நிறைந்திருந்தால் அது கறிக்குரிய உடல். எலும்பு கத்தி முனைபோல் துருத்தினால் எடை இருந்தும் கறி இல்லை என்று பொருள். முதுகு தோளிலிருந்து வால்வரை அகலம் குறையாமல் போக வேண்டும். இரண்டு கால்களும் அகன்று நிற்க வேண்டும்; முழங்கால்கள் ஒன்றையொன்று தொடும்படி நிற்கும் கோழியின் மார்பு பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். விரல் கோணல், மூக்குக் கோணல், வளைந்த மார்பெலும்பு இருப்பவற்றை எடை எவ்வளவு இருந்தாலும் கறிக்கே அனுப்புங்கள். ஆளைக் கண்டால் பாய்ந்து கொத்தும் சேவலையும் நான் நிறுத்துவதில்லை, அந்தக் குணமும் பிள்ளைகளுக்கு இறங்கும்.

தேர்வு என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். பத்துக் குஞ்சு பொரித்து, அதிலுள்ள ஐந்து சேவல்களில் இரண்டை நிறுத்தினால் அது தேர்வாகாது. அதே வேலையை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் செய்யாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே அடையாக 40 முட்டைகளை வைத்தால், 30 குஞ்சுகள் பொரித்து அதில் 15 சேவல்கள் கிடைக்கும் என்று கொள்ளலாம். பதினைந்தில் இரண்டை நிறுத்தும்போதுதான் கூட்டம் முன்னே நகரும்.

நான்காம் பதில்

மேலே சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் பரம்பரையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு வளர்ப்பைக் கவனிக்காமல் விட்டால், நல்ல குஞ்சையும் கெட்ட குஞ்சையும் பிரித்தறியவே முடியாது. ஒரு கூட்டம் இரத்தக்கழிச்சலில் பாதி நாளைக் கழித்திருந்தால், 8 வார எடை அந்த நோயைப் பற்றித்தான் சொல்லும், பெற்றோரைப் பற்றிச் சொல்லாது.

அடைக்கு வைக்கும் முட்டைகளை ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். நாள் கடந்தால் பொரிப்பு குறையும். காற்றைச் சுழற்றும் விசிறியுள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி வெப்பமும், முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 சதவீத ஈரப்பதமும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். 18ஆம் நாள் வரை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது திருப்பிவிட்டு, அதன்பின் தொடாதீர்கள். ஈரப்பதமானியை நம்பாதவர்கள் முட்டைகளை நிறுத்துப் பார்க்கலாம். 18 நாட்களில் ஏறத்தாழ 12 சதவீத எடை குறைந்திருந்தால் சரியாகப் போகிறது என்று பொருள்.

பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடமாட்டமே நம்பத்தக்கது. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு. கூளம் நனையாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். இரத்தக்கழிச்சலைப் பரப்பும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில்தான் இரண்டொரு நாளில் வீரியம் பெறுகின்றன. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் குஞ்சு ஒன்று கண்ணில் பட்டாலும், எச்சத்தில் இரத்தம் இருக்கிறதா என்று அன்றே பார்த்துக் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசியைச் சிறு கூட்டம் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நோய் நுழைந்தால் பல ஆண்டுத் தேர்வும் ஒரு வாரத்தில் போய்விடும்.

தீவனத்தில் முதல் ஆறு வாரங்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதப் புரதமும், பிறகு 16 முதல் 18 சதவீதமும் இந்த வகைக் கோழிகளுக்குப் போதுமானவை. முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது; அதிலுள்ள மூன்றரை சதவீதத்துக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து இளங்குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேவல்கள் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கும் பருவத்தில் அவற்றைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள், விரட்டலிலேயே தின்ற தீவனம் கரைந்துபோகும். வெப்பம் மிகுந்த சூழலில் வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: கழுத்தில் இறகில்லாத கோழியின் அந்தப் பண்பு ஒற்றை மரபணுவால் வருவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் மொத்த இறகு ஏறத்தாழ 20 சதவீதமும், இருவரிடமிருந்தும் வந்தால் 40 சதவீதம் வரையும் குறையும். உடல் வெப்பம் எளிதாக வெளியேறுவதால், கடும் வெயிலிலும் அவை தீவனத்தை விடாமல் எடுக்கும்.

அறுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வையுங்கள். 16 வாரக் கோழியின் சதை ஆறு வாரப் பிராய்லரைப்போல் மிருதுவாக இராது. விறைப்பு தளரும்வரை ஒரு நாள் குளிரில் வைத்திருந்து, மெதுவாக வேகவைத்தால் அதன் சுவை நன்றாக வெளிப்படும்.

கேள்வி கேட்டவர்

இரண்டாவது கூண்டைக் கட்டத் தொடங்கிவிட்டோம். இப்போதுள்ள பெட்டைகளில் பாதியைப் புதிய கூண்டுக்கு மாற்றி, அங்கு வேறு சேவலை விடப்போகிறேன். விட்ட நாளிலிருந்தே அந்த முட்டைகளை அடைக்கு எடுக்கலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

எடுக்க வேண்டாம். சேவலின் விந்தணுக்கள் பெட்டையின் முட்டைக்குழாயிலுள்ள நுண்ணிய குழல்களில் இரண்டு வாரங்களுக்கு மேலும் உயிரோடு தங்கக்கூடியவை. புதிய சேவல் மிதிக்கத் தொடங்கிய பிறகும் சில நாட்களுக்கு இரண்டு சேவல்களின் குஞ்சுகளும் கலந்தே வரும், பார்த்துப் பிரிக்க இயலாது. பெட்டைகளை மாற்றிய பின் மூன்று வாரங்களுக்கு வரும் முட்டைகளைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, நான்காம் வாரத்திலிருந்து வருபவற்றை அடைக்குச் சேருங்கள். பழைய சேவலோடு தங்கும் மற்றப் பாதிப் பெட்டைகளின் முட்டைகளுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. ஆனால் இரண்டு கூண்டு முட்டைகளும் ஒரே அடையில் பொரித்தால்தான் எடையை ஒப்பிட முடியும் என்பதால், அவற்றையும் அதே வாரத்தில் சேர்த்து, கூண்டின் நிறத்தைப் பென்சிலால் ஓட்டின் மேல் எழுதி வையுங்கள். பொரிக்கும் நாளில் இரண்டு கூண்டு முட்டைகளுக்கும் நடுவே இன்குபேட்டரில் ஒரு தடுப்பு இருந்தால், சவ்வில் துளையிடும் வரை குஞ்சுகள் கலந்துவிடாது.